மூங்கில் வில்லும் சிவகாசி வெயிலும்

இன்னைக்கு எபிசோட் ஒரு தையல்ல இருந்து ஆரம்பிக்குது. சரியா சொன்னா மூணு தையல். என் அத்தை பையனோட கன்னத்துல, கண்ணுக்கு ரெண்டு விரற்கடை கீழ. தையல் போட்டது டாக்டர். காரணம் நான்.

என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஆர்ச்சரி பைத்தியம் பிடிச்சது. நாள் பூரா லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உக்காந்திருக்கிற ஆளுக்கு, நெஞ்சை விரிச்சு நிக்கிற ஒரு விளையாட்டு வேணும்னு தோணுச்சு. கூடவே கொஞ்சம் சினிமா ஆசையும்தான், மறைக்கல. ஆன்லைன்ல தேடி ஒரு மூங்கில் வில் வாங்கினேன். 45 பவுண்டு. 25, 30, 45னு மூணு இருந்துச்சு. பெருசுதானே நல்லதுன்னு 45ஐ அமுக்கிட்டேன். ரேம் வாங்குற மாதிரி.

சித்திரை மாசம், ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊரு சிவகாசிக்குப் பக்கம். வில்லுக்கு நாணை மாட்டின நிலையிலேயே கார் பின்சீட்ல போட்டுட்டு, ஒரு கல்யாண வீட்டுல மூணு மணி நேரம் இருந்துட்டேன். வெளிய வந்ததும் அத்தை பையன், "மச்சான், குடு, ஒரு இழு இழுத்துப் பாக்குறேன்"னான். அவன் என்னை விட ஒரு முழம் உயரம்னு வச்சுக்கோங்க. இழுத்தான். காதுக்குப் பின்னாடி வரைக்கும் இழுத்தான். பட்டுனு ஒரு சத்தம். எங்க ஊர்ல அந்த மாதிரி சத்தம் கேட்டா எல்லாரும் ஒரு நொடி நின்னுடுவாங்க, அது வேற விஷயம். வில்லோட மேல் பாதி ரெண்டா முறிஞ்சு, ஒரு சில்லு அவன் கன்னத்தைக் கிழிச்சிட்டுப் போயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி பெரியப்பா வந்தாரு. முப்பது வருஷத்துக்கு மேல பட்டாசு ஆலையில போர்மேனா இருந்தவர். இப்ப ஓய்வு. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டல. முறிஞ்ச துண்டு ரெண்டையும் கையில வாங்கி, லைட்டுக்குக் கீழ வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மூணே கேள்வி கேட்டாரு.

"எங்கடா வச்சிருந்த?"

"யாரு கைக்கு வாங்கினது?"

"எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்தியா?"

கார்ல. அளவே பாக்கல. இல்ல. இதுதான் என் பதில்கள். வில்லைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் படிச்சது, பயிற்சியாளர்கள்கிட்ட கேட்டது, கையைச் சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டது எல்லாமே இந்த மூணு கேள்விக்குள்ளதான் சுத்திச் சுத்தி வருது.

விருதுநகர் மாவட்டத்துல என்னடா வில்லுன்னு கேக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ங்கிற பேருலயே வில்லி இருக்கான். தல புராணம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: மல்லின்னு ஒரு ராணி, அவங்களுக்கு வில்லி, கண்டன்னு ரெண்டு வேடர் மகன்கள். வேட்டைக்குப் போன இடத்துல கண்டனைப் புலி அடிச்சிடுது. அவனைத் தேடிப் போன வில்லி கனவு கண்டு, கோயிலையும் ஊரையும் உண்டாக்கினான்னு கதை. வரலாறா இல்லையாங்கிறது வேற. அந்தக் காடு 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. அதாவது புலி இன்னும் அங்கதான் இருக்கு, வில்லுதான் இல்ல. இதைக் கேட்டுட்டு யாரும் மலை ஏறி மூங்கில் வெட்டப் போயிடாதீங்க. நேரா வனத்துறை கேஸ்தான்.

இப்ப நான் பேசுற வில்லு எதுன்னு தெளிவு பண்ணிடறேன். ஒலிம்பிக்ல பாக்குறீங்களே, கம்பியும் குச்சியும் நீட்டிக்கிட்டு, அது ரிகர்வ். கப்பி வச்சது காம்பவுண்ட். நம்ம நாட்டுப் போட்டிகள்ல மூணாவதா ஒண்ணு உண்டு: இந்தியன் ரவுண்ட். மூங்கில் வில், குறி பாக்குற சைட் கிடையாது, பெரியவங்களுக்கு 50 மீட்டர், 30 மீட்டர். நம்ம நாட்டுல நிறைய பேரு இங்கிருந்துதான் மேல போறாங்க. ராஜஸ்தான்ல உதய்பூர் பக்கம் பழங்குடிக் குடும்பத்துல பிறந்த லிம்பா ராம், சின்ன வயசுல மூங்கில் வில்லோட காட்டுல சுத்தினவர். அப்புறம் 1988, 1992, 1996னு மூணு ஒலிம்பிக் ஆடினாரு. 2012ல பத்மஸ்ரீ. ராஞ்சி பக்கம் ஆட்டோ டிரைவர் மகளான தீபிகா குமாரி, பழகினது வீட்டுலயே செஞ்ச மூங்கில் வில்லுல. 2010 டெல்லி காமன்வெல்த்ல தங்கம்.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. இந்தியன் ரவுண்ட் நம்ம நாட்டோட முடிஞ்சுடும், சர்வதேசப் போட்டியில கிடையாது. மேல போகணும்னா ரிகர்வுக்கோ காம்பவுண்டுக்கோ மாறணும். அங்க செலவு சில ஆயிரத்துல இருந்து லட்சத்துக்குப் போயிடும். மூங்கில்லயே நின்னுபோற திறமையான பசங்க நிறைய பேர். அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோடே பேசலாம். இன்னைக்கு அந்த முதல் வில்லைப் பத்தி மட்டும்.

பெரியப்பாவோட ரெண்டாவது கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். யாரு கைக்கு?

வில்லுல எழுதியிருக்கிற பவுண்டு, அந்த வில்லோட நிரந்தர குணம் இல்ல. பொதுவா 28 அங்குலம் இழுத்தா எவ்வளவு பலம் தேவைங்கிற கணக்கு அது. அதுக்கு மேல ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமாரா ரெண்டு, மூணு பவுண்டு கூடும். கம்மியா இழுத்தா குறையும். ஆக முதல்ல உங்க இழுவை நீளம் தெரியணும். சுவத்துல சாஞ்சு ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டுங்க. நடுவிரல் நுனியில இருந்து நுனி வரைக்கும் அங்குலத்துல அளந்து 2.5ஆல வகுங்க. எனக்கு 69 வந்துச்சு, வகுத்தா 27.6. அத்தை பையனுக்கு அப்புறமா அளந்து பாத்தோம், தையல் பிரிச்ச பிறகு. 76. வகுத்தா முப்பதுக்கு மேல. 28 அங்குலத்துக்குச் செஞ்ச வில்லை அவன் முப்பதைத் தாண்டி இழுத்திருக்கான். 45 பவுண்டு அவன் கையில ஐம்பதை ஒட்டிப் போயிருக்கும். அது கூட பரவாயில்ல, அந்த மூங்கில் அவ்வளவு தூரம் வளையறதுக்குச் செஞ்சதே இல்ல.

அதனால உங்க வில்லை நீட்டக் கைக்காரங்க யாருகிட்டயும் குடுக்காதீங்க. நண்பனா இருந்தாலும் சரி, மாமனாரா இருந்தாலும் சரி. வில்லோட மொத்த நீளம் உங்க இழுவை நீளத்துல ரெண்டு மடங்கைக் கண்டிப்பா தாண்டி இருக்கணும். கொஞ்சம் நீளமாவே இருந்தா புதுசா பழகுறவங்க கைக்கு நல்லது. கையை உறுத்தாம வளையும்.

பவுண்டு விஷயத்துல ஆம்பளைப் பசங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 45 வாங்கின நான் முதல் மாசம் முழுக்கத் தப்பா பழகினேன். பலம் பத்தாம தோளைத் தூக்கி, முதுகை வளைச்சு, எப்படியோ இழுத்து, பாதியில விட்டுடுவேன். மூணாவது வாரம் வலது தோள் பிடிச்சுக்கிச்சு. ஷாம்பு போடக் கையைத் தூக்க முடியல. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பாக்குறீங்க?" ரெண்டாவது கேள்வி, "அப்புறம் ஏன் இதெல்லாம்?"

இருபதுல இருந்து இருபத்தஞ்சு பவுண்டு. வளர்ந்த ஆளுக்கும் ஆரம்பத்துக்கு அது போதும். கடையில நின்னே சோதிச்சுப் பாக்கலாம். அம்பை வச்சு, இலக்கைப் பாத்து, முழுசா இழுத்து, அஞ்சு எண்ணி, மெதுவா திருப்பி விடுங்க. கவனிங்க, படக்குனு விடறது இல்ல, கையோட பின்னாடி கொண்டு போறது. பத்து தடவை. எட்டாவது தடவை கை நடுங்குச்சுன்னா அந்த வில் உங்களுக்கு இல்ல. ஒரு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாம்.

அம்பு இல்லாம இழுத்து நாணை விடவே கூடாது. எல்லாரும் கையில எடுத்ததும் முதல்ல செய்யறது அதுதான். டொய்ங்னு சத்தம் கேக்க ஆசை. இழுக்கும்போது நீங்க கொடுத்த சக்தி அம்பு மேல ஏறிப் போகணும். அம்பு இல்லேன்னா அது திரும்பி வில்லுக்குள்ளயே அடிக்கும். சில வில்லு ஒரே தடவையில போயிடும். சில வில்லு உள்ளுக்குள்ள விரிசல் விட்டுட்டு, வேற ஒரு நாள், வேற ஒருத்தர் கையில போகும்.

வில்லைப் பாத்து வாங்குறப்ப என்ன பாக்கணும்? நாணை மாட்டச் சொல்லுங்க. ஒரு நுனியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, பழைய துப்பாக்கியில குறி பாக்குற மாதிரி பாருங்க. நாண் கைப்பிடியோட நடுவுல ஓடணும். ஒரு பக்கம் ஒதுங்கி ஓடுச்சுன்னா லிம்ப் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அடுத்து வளைவு. மேல் பாதியும் கீழ் பாதியும் சீரா வளையணும். ஒரே இடத்துல மட்டும் முழங்கை மாதிரி மடங்கியிருந்தா வேண்டாம்.

அப்புறம் வில்லோட முதுகு. இலக்கைப் பாக்குற பக்கத்துக்கு முதுகுன்னு பேரு, நம்மளைப் பாக்குற பக்கம் வயிறு. மூங்கிலோட பச்சைத் தோல் பக்கம் இருக்கு பாருங்க, நார் நெருக்கமா இருக்கிறது அங்கதான். இழுவிசையைத் தாங்குறதும் அதுதான். அதனால நல்ல வேலைக்காரர் அந்தத் தோல் பக்கத்தை முதுகா வச்சு, அதைச் சீவாம விட்டிருப்பாரு. பளபளன்னு இருக்கட்டும்னு முதுகையே உப்புத்தாள் போட்டுத் தேச்ச வில்லு சிலது விக்கிறாங்க. என்னோடது அப்படித்தான் இருந்துச்சு. நார் அறுந்து போன வில்லு. பெரியப்பா லைட்டுக்குக் கீழ வச்சுக் காமிச்சப்பதான் தெரிஞ்சது, கணுவுக்குப் பக்கத்துல முறிவு ஆரம்பிச்ச இடத்துல நாரு குறுக்கே வெட்டுப்பட்டிருந்துச்சு. வயித்துப் பக்கம் மெல்லிசா குறுக்குக் கோடுகள் தெரிஞ்சா அதுவும் கெட்ட சகுனம், மூங்கில் நசுங்கியிருக்குன்னு அர்த்தம். நாணைக் கழட்டின பிறகும் வில்லு ரெண்டு அங்குலத்துக்கு மேல வளைஞ்சே நின்னா, அது களைச்சுப் போன வில்லு.

லத்திக்கும் ஏணிக்கும் போற கல்மூங்கில் பத்தி நிறைய பேரு கேட்டிருந்தீங்க. வில்லுக்கும் நல்லதுதான். ஆனா நாமளே செய்யப் போறோம்னா, வெட்டின மூங்கிலை நேரா எடுத்துச் சீவக் கூடாது. பச்சை மூங்கில்ல மாவுச்சத்து இருக்கும், அதுக்குத்தான் வண்டு வரும். வீட்டுல மூங்கில் கூடை, தட்டி வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், கீழ மாவு மாவா கொட்டிக் கிடக்கும். தண்ணியில ஊறப்போட்டா அந்த மாவுச்சத்து கரைஞ்சு போகும். அப்புறம் நிழல்ல மாசக்கணக்குல காயணும். வெயில்ல காயப்போட்டா வெடிச்சுடும்.

இப்ப முதல் கேள்வி. எங்க வச்சிருந்த?

சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் எப்படி வந்துச்சுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருப்பீங்க. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களோட தொடக்கத்துல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. ஆனா தொழில் இங்க நின்னு வளர்ந்ததுக்கு ஒரு பெரிய காரணம் வானம். மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி, வெயில் ஜாஸ்தி. மருந்தும் திரியும் காகிதக் குழாயும் நல்லா காயும். பட்டாசுக்குச் சாதகமான அதே வானம் மூங்கிலுக்கு எதிரி. மூங்கில்ல கொஞ்சம் ஈரம் இருக்கணும், எட்டுல இருந்து பத்து சதவீதம் வரைக்கும். அதுக்குக் கீழ போனா வளையறதுக்குப் பதிலா முறியும். ரொம்ப ஈரமா இருந்தா முறியாது, தொங்கிப் போயிடும், அம்பு சோம்பலா போகும்.

என் வில்லு மழை கொட்டுற ஊர்ல செஞ்சு, கூரியர்ல வந்து, நேரா கரிசல் காட்டுச் சித்திரை வெயில்ல இறங்கினது. பூட்டின கார் வெயில்ல நின்னா உள்ள அறுபது டிகிரி வரைக்கும் போகலாம். ஒட்டுப் போட்ட வில்லா இருந்தா பசையே இளகிடும். அதுவும் நாண் மாட்டின நிலையில. வளைச்சுக் கட்டிப் போட்ட ஆளை அடுப்புக்குள்ள வச்ச மாதிரி.

வேற ஊர்ல இருந்து வில்லு வாங்குனா, நாண் மாட்டாம ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள நிழல்ல படுக்க வச்சிருங்க. நம்ம ஊர்க் காத்துக்கு அது பழகட்டும். பயிற்சி முடிஞ்சதும் நாணைக் கழட்டிடுங்க, டீ குடிக்கிறதுக்கு முன்னாடி. மூலையில சாத்தி வைக்காதீங்க, கீழ் நுனியில பாரம் இறங்கி முறுக்கிக்கும். ரெண்டு ஆணி அடிச்சு, அது மேல துணி சுத்தி, படுக்கை வாட்டத்துல வைங்க. எந்தச் சுவருன்னும் பாருங்க. மேற்குச் சுவரு சாயங்காலம் ஆறு மணிக்கும் தோசைக்கல்லு மாதிரி இருக்கும். தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற பரண் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில அதுக்கு நேர்மாறு, ஈரம் ஏறும். அப்ப கொஞ்சம் காத்தோட்டம் இருக்கிற இடத்துக்கு மாத்தினா போதும்.

வில்லுக்கு எண்ணெய் போடலாமான்னா, போடலாம். ஆளி விதை எண்ணெய், மெல்லிசா, துணியில தொட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை. இங்கதான் நான் ரெண்டாவது தடவை மாட்டினேன். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டித் திண்ணை மூலையில போட்டுட்டேன். பெரியப்பா எதேச்சையா பாத்துட்டு என்ன எண்ணெய்னு கேட்டாரு. சொன்னேன். அந்த மனுஷன் முகத்துல நான் அதுவரைக்கும் பாக்காத ஒரு கோபம். ஆளி விதை எண்ணெய் காயறப்ப சூடு உண்டாகும். சுருட்டி வச்ச துணியில அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம, தானா தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். துணியை விரிச்சுக் காயப் போடணும், இல்லேன்னா தண்ணியில முக்கிப் போடணும். எந்த ஊர்ல இருந்துகிட்டு இந்த வேலை செஞ்சேன்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

நாண் பத்தி. மூங்கில் வில்லுக்கு டாக்ரான் நாண் போடுங்க. கொஞ்சம் இழுபடும் ரகம் அது, அதிர்ச்சியை வாங்கிக்கும். வேகம் கூடுதுன்னு ரிகர்வுக்குப் போடுற இழுபடாத நாணைச் சில பேரு மாட்டுறாங்க. அதுக்குன்னு நுனியைப் பலப்படுத்தாத வில்லா இருந்தா நுனி பிளந்துடும். நாண் மாட்டுற அந்த நுனி வெட்டுக்குத் தமிழ்ல குதைன்னு ஒரு பழைய சொல்லு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு. நாணை வாரம் ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. சிலும்பு சிலும்பா நின்னா தேன்மெழுகு தேச்சு, விரல் சூட்டுல அழுத்தித் தடவணும். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்திடணும். நூறு ரூபாய்க்குப் பாத்து வில்லைப் போக்கடிக்காதீங்க.

நாண் மாட்டினதும் கைப்பிடியில இருந்து நாண் வரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க. முஷ்டியைக் கைப்பிடி மேல வச்சு, கட்டை விரலை நிமிர்த்தினா நாணைத் தொடணும். நேர் வில்லுக்கு அதுதான் பழைய அளவு, ஆறு ஏழு அங்குலம் வரும். கம்மியா இருந்தா நாணைக் கழட்டி இன்னும் நாலு முறுக்கு முறுக்குங்க. அப்புறம், காலுக்கு நடுவுல வில்லை விட்டுத் தொடையில வளைச்சு நாண் மாட்டுறது பாக்க கெத்தா இருக்கும், ஆனா லிம்ப் முறுக்கிக்கும். கயித்துல செஞ்ச ஸ்ட்ரிங்கர் ஒண்ணு வாங்கிக்கோங்க.

அம்புதான் உண்மையில ருசியான விஷயம். இதுக்கே எனக்கு ஒரு மணி நேரம் போதாது.

எங்க பயிற்சியாளர் முதல் நாள் சொன்னாரு, "நல்ல வில்லும் மட்டமான அம்பும் வச்சிருந்தா தோப்ப. மட்டமான வில்லும் ஒரே மாதிரி அம்பும் வச்சிருந்தா பழகிக்கலாம்"னு. ஒரே மாதிரி, அதுதான் முக்கியம். அம்பு வில்லை விட்டுக் கிளம்பறப்ப நேராப் போறது இல்ல. மீன் மாதிரி நெளிஞ்சு, வில்லைச் சுத்தி வளைஞ்சு, அப்புறம்தான் நேராகும். ஸ்லோமோஷன் வீடியோ பாருங்க, நம்ப மாட்டீங்க. அந்த நெளிவு எவ்வளவுங்கிறது அம்போட விறைப்பைப் பொறுத்தது, அதுக்கு ஸ்பைன்னு பேரு. வலக்கைக்காரங்களுக்கு, அம்பு ரொம்ப விறைப்பா இருந்தா இலக்குல இடது பக்கம் போய் விழும். ரொம்பத் தொய்வா இருந்தா வலது பக்கம். எனக்கு மூணு மாசமா எல்லாமே இடது பக்கம். என் கையில பழுதுன்னு நினைச்சு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். பழுது அம்புல.

வீட்டுலயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில ரெண்டு ஆணி. அது மேல அம்புத் தண்டு. நடுவுல ரெண்டு பவுண்டு எடை, அதாவது 907 கிராம், தொங்க விடுங்க. எத்தனை அங்குலம் தொய்யுதுன்னு பாத்து 26ஐ அதால வகுங்க. ஒரு அங்குலம் தொய்ஞ்சா 26 பவுண்டு ஸ்பைன். முக்கால் அங்குலம்னா 35க்குப் பக்கம். நான் சக்கரைப் பாக்கெட்டைக் கிச்சன் தராசுல சரி பண்ணித் தொங்கவிட்டேன். அம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, பழகிட்டாங்க. என்கிட்ட இருந்த பன்னெண்டு அம்புல ஏழுதான் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வந்துச்சு. அந்த ஏழை மட்டும் வச்சு எய்ய ஆரம்பிச்ச வாரமே என் அம்பெல்லாம் ஒரே இடத்துல கூட ஆரம்பிச்சது.

எடையும் பாருங்க. மர வில்லு, மூங்கில் வில்லுக்கெல்லாம் ஒரு பவுண்டுக்கு ஒன்பது பத்து கிரெயினுக்குக் குறையாம அம்பு இருக்கணும். 25 பவுண்டு வில்லுன்னா 225, 250 கிரெயின். நம்ம கணக்குல 15, 16 கிராம். அதை விட லேசான அம்பு போட்டா, கிட்டத்தட்ட அம்பு இல்லாம விட்ட கதைதான்.

இறகு. வான்கோழி இறகுதான் உலகம் பூரா பழக்கம். நம்ம பக்கம் தோட்டத்து வீடுகள்ல வான்கோழி வளக்குறாங்க, கேட்டா தருவாங்க. ஒரு அம்புக்கு மூணு இறகும் ஒரே பக்கத்து ரெக்கையில இருந்து வரணும். இடதுன்னா மூணும் இடது. கலந்து ஒட்டினா ஒரு இறகு இந்தப் பக்கம் சுத்தச் சொல்லும், இன்னொண்ணு அந்தப் பக்கம். மழையில நனைஞ்சு படுத்துட்டா பயப்படாதீங்க, கெட்டில் ஆவியில காட்டினா எழுந்து நிக்கும்.

மூங்கில் அம்பு வளையும். வளைஞ்சா தணல் சூட்டுல காட்டி, கையால நிமிர்த்தி, ஆறுற வரைக்கும் பிடிச்சிருந்தா நேராயிடும். முனையில இருந்து ஒரு கண்ணை மூடிப் பாத்துப் பாத்துச் செய்யணும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு இதை விட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

இப்ப மூணாவது கேள்வி. எடுக்குறதுக்கு முன்னாடி பாத்தியா?

பெரியப்பா சொல்லுவாரு, ஆலையில மருந்து அறைக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி, வாசல்ல இருக்கிற உலோகத் தகட்டைக் கையால தொடணும்னு. உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் தரைக்கு இறங்கறதுக்கு. உள்ள இரும்புக் கருவி கிடையாது. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல கிடையாது. "நேத்து தொட்டேனே, இன்னைக்கு எதுக்குன்னு ஒருத்தன் நினைக்கிற அன்னைக்குத்தான்டா நடக்கும்"னாரு. அவரு போன துக்க வீடுகளோட கணக்கு எனக்குத் தெரியும். அதனால அந்த வார்த்தையை நான் வெளையாட்டா எடுத்துக்கல.

எனக்கு இப்ப ஒரு பழக்கம். வில்லை எடுத்ததும் முதுகு, வயிறு, ரெண்டு குதை, நாணோட ரெண்டு கண்ணி. கண்ணால பாத்து, கட்டைவிரலால தடவிடுவேன். அப்புறம் அம்பு. ஒரு துண்டுப் பஞ்சு எடுத்துத் தண்டு முழுக்க உருவுவேன். சிம்பு எங்கயாவது கிளம்பியிருந்தா பஞ்சு மாட்டும். நம்ம ராஜபாளையம் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யிற ஊரு, பஞ்சுக்கா பஞ்சம்? தண்டை லேசா வளைச்சுக் காதுகிட்ட வச்சுக் கேப்பேன். டிக்னு ஒரு சத்தம் வந்தாலே அந்த அம்பை ரெண்டா உடைச்சுடுவேன். உடைக்காம ஓரமா வச்சா, யாராவது பாவம்னு நினைச்சுத் திருப்பி எடுத்துடுவாங்க. விரிசல் விட்ட அம்பு, விடற நொடியில பிளந்து இடது கைக்குள்ள ஏறும். முழுசா ரெண்டு நிமிஷ வேலை.

எங்க எய்யறதுங்கிறதையும் சொல்லணும், குறிப்பா எங்க ஊர்ப் பசங்களுக்கு. நம்ம பக்கம் பொட்டல் காடு நிறைய, ஆளே இருக்க மாட்டாங்க, அங்க பழகலாம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. 25 பவுண்டு வில்லுல வானத்தைப் பாத்து விட்டா அம்பு நூறு மீட்டரைச் சுலபமா தாண்டும். அந்தப் பொட்டலுக்கு அந்தப் பக்கம், சீமைக் கருவேலத்துக்குப் பின்னாடி, என்ன ஷெட் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? இரும்பு முனை போட்ட அம்பு அது. பெரியப்பா இந்த ஒரு விஷயத்துல மட்டும் கேள்வி கேக்கல, உத்தரவு போட்டாரு. திறந்த வெளியில கிடையாது. பின்னாடி மண் மேடோ முழுச் சுவரோ இருக்கணும், இலக்குக்குப் பின்னாடி யாரும் வர வழி இருக்கக் கூடாது. அதோட பறவை, முயல்னு கிளம்பற ஐடியா இருந்தா, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வில்லி காலம் முடிஞ்சு போச்சு.

எங்க கத்துக்கலாம்னு இன்ஸ்டாவுல நிறைய பேரு கேட்டிருந்தீங்க. தமிழ்நாட்டுல ஆர்ச்சரின்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்ற ஷிஹான் ஹுசைனி, 2025 மார்ச்ல காலமானாரு. இன்னைக்கு சென்னை, மதுரை, கோவைல பயிற்சி மையங்கள் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. வரிசையில ஒருத்தர் அம்பு எடுக்கப் போறப்ப மத்த எல்லாரும் வில்லைக் கீழ வச்சிருக்காங்களா? புதுசா வர்ற குழந்தைக்கு எத்தனை பவுண்டு குடுக்கிறாங்க? இந்த ரெண்டையும் பாத்தா போதும். முதல் ரெண்டு மாசம் மையத்தோட வில்லுலயே பழகுங்க, அப்புறம் சொந்தமா வாங்கலாம்.

அத்தை பையன் இப்ப எப்படி இருக்கான்னு கேப்பீங்க. தழும்பு லேசாத்தான் தெரியுது. பொண்ணு பாக்கப் போன இடத்துல அதைப் பத்திக் கேட்டாங்களாம், ஜல்லிக்கட்டுன்னு சொல்லியிருக்கான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, அவன் கை நீளத்துக்கு ஏத்த மாதிரி 70 அங்குலத்துல, 24 பவுண்டுல ஒரு வில்லு வாங்கிட்டுப் போனேன். கையில வாங்கினவன் உடனே இழுக்கல. லைட்டுக்குக் கீழ கொண்டு போய் முதுகைத் தடவிப் பாத்துட்டு, "மச்சான், கணு பக்கத்துல ஏதோ கோடு மாதிரி இருக்கே"ன்னான். திண்ணையில இருந்த பெரியப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு வந்தாரு. மூணு பேரும் சேர்ந்து பாத்தோம். வார்னிஷ் கோடுதான்.